அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

நாய்களுக்கு அவசர சிகிச்சை தரும் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே ராத்திரி கண்விழிக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், ரிசப்ஷனில் உட்கார்ந்து எங்கள் கத்தலை எல்லாம் வாங்கிக்கொள்கிறவர்களுக்கும், மாதக்கணக்கில் காத்திருந்து நாங்கள் பார்க்க வரும் சிறப்பு மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

என் நாய் பிழைத்துவிட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாயைப் பறிகொடுத்தவன் ஆற்றாமையில் எழுதியது என்று நீங்கள் இதை ஓரமாக வைத்துவிடக்கூடும். பிழைக்க வைத்ததும் உங்களைப் போன்றவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆபரேஷன் இல்லை, ஒரு கதவு. ரிசப்ஷனுக்குப் பின்னால், தள்ளினால் இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. நாயை உள்ளே கொண்டுபோன பிறகு அது ஆடி ஆடி நிற்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அவன் பெயர் பூதம். கிரேட் டேன், 58 கிலோ, அப்போது ஏழு வயது. குட்டியாக இருந்தபோது கிண்டலாக வைத்த பெயர், அவன் அதை உண்மையாக எடுத்துக்கொண்டு வளர்ந்துவிட்டான். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எழுந்து நின்று ஓங்கரித்தான். கழுத்தை நீட்டி, வயிற்றை எக்கி, வாந்தி எடுக்கப் போகிறவன் மாதிரியே செய்தான். ஒன்றும் வரவில்லை. வெள்ளையாகக் கொஞ்சம் நுரை, அவ்வளவுதான். படுப்பான், எழுவான், தன் வயிற்றைத் திரும்பிப் பார்ப்பான், மறுபடி ஓங்கரிப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயு பிடித்திருக்கும் என்று நினைத்து வீட்டைச் சுற்றி நடக்க வைத்தேன். ஒன்றரை மணி நேரம். வயிறு மத்தளம் மாதிரி ஆன பிறகுதான் போனை எடுத்தேன்.

இந்தப் போன் விஷயத்தையே முதலில் பேசிவிடுகிறேன். மூன்று இடத்துக்குப் பேசினேன். முதல் இடத்தில், "நேரில் கொண்டுவந்தால்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒரு இசையைப் போட்டுவிட்டார்கள், அது முடிந்து திரும்ப முதலில் இருந்து ஓடியது. மூன்றாவது இடத்தில் எடுத்த பெண் இரண்டே கேள்வி கேட்டார். "பெரிய நாயா, மார்பு ஆழமான நாயா?" "ஓங்கரிக்கும்போது ஏதாவது வெளியே வருகிறதா?" நான் இல்லை என்றதும், "இப்போதே கிளம்புங்கள், தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம், வண்டியில் ஏறியதும் எத்தனை நிமிஷத்தில் வருவீர்கள் என்று சொல்லுங்கள், ஆளைத் தயாராக வைக்கிறேன்" என்றார். அந்தப் பெண்ணின் முகத்தை அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை. என் நாயை முதலில் காப்பாற்றியவர் அவர்தான்.

போனில் நோய் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் கூடாது, புரிகிறது. தவறாக ஒரு வார்த்தை சொன்னால் அது உங்கள் தலையில் வந்து விழும் என்பதும் புரிகிறது. ஆனால் அவர் நோயைக் கண்டுபிடிக்கவில்லை, காத்திருக்கலாமா கூடாதா என்பதை மட்டும் பிரித்துச் சொன்னார். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், போன் பக்கத்தில் ஒட்டிய ஒரு தாள் போதும். ஒன்றும் வராத ஓங்கரிப்பு. ஈறு வெளுத்துப்போவது. பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொண்டு வருவது. ஐந்து நிமிஷம் தாண்டியும் நிற்காத வலிப்பு. சிறுநீர் போக முக்கி முக்கி ஒரு சொட்டும் வராத ஆண் நாய். கருத்தடை செய்யாத பெண் நாய், இணைசேரும் பருவம் வந்துபோன சில வாரங்களில் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சோர்ந்து படுப்பது (அது கருப்பையில் சீழ் கட்டுவதாக இருக்கலாம் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, தண்ணீர் நன்றாகக் குடிக்கிறாளே என்று சந்தோஷப்படுவோம்). வெயிலில் மயங்கிய நாய் என்றால் முதலில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துவிட்டு அப்புறம் வண்டியில் ஏற்றச் சொல்ல வேண்டும். எலி மருந்து தின்றிருந்தால், இப்போது துள்ளி விளையாடினாலும் வரச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தாக இருந்தால் மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கும். இத்தனையும் உங்களுக்கு அரிச்சுவடி. நடுராத்திரியில் போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அது தெரியாது.

சரி, கதவுக்கு வருகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வெளியே நின்றார்கள். பூதத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு ஆடியது. என் கையில் கழுத்துப்பட்டையும் கயிறும் மட்டும் இருந்தன. அதன் பிறகு ஐம்பது நிமிஷம் யாரும் என்னிடம் பேசவில்லை. தவறு, ஒருவர் பேசினார். ஒரு தாளை நீட்டி, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை ஆகும், இதில் பாதியை இப்போதே கட்ட வேண்டும் என்றார். உயிரோடு இருக்கிறானா என்று கேட்டேன். "டாக்டர் வந்து பேசுவார்" என்றார்.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு இப்போது தெரியும், பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரைப்பையில் காற்று நிறைந்து, இரைப்பையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மேல் வாயும் கீழ் வாயும் அடைபட்டுவிட்டன. துணிப்பையின் வாயை முறுக்கிப் பிடித்த மாதிரி. மண்ணீரலும் கூடவே இழுபட்டுத் திரும்பியிருந்தது. உப்பிய வயிறு பெரிய இரத்தநாளங்களை நசுக்க, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் திரும்பாமல் உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் முன்னங்கால்களில் ஊசி குத்தி வேகமாக ட்ரிப்ஸ் ஏற்றினீர்கள், வயிற்றில் இருந்த காற்றை வெளியேற்றினீர்கள், வலிக்கு மருந்து கொடுத்தீர்கள், வலது பக்கமாகப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தீர்கள். ஒரு நிமிஷமும் வீணாகவில்லை. அந்த ஐம்பது நிமிஷமும் உங்களுக்கு ஐந்து நிமிஷமாகத்தான் ஓடியிருக்கும்.

எனக்கு அது எப்படி ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பது டாக்டர் வந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று இல்லை. அவர் கை என் நாயின் மேல் இருப்பதுதான் எனக்கும் வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் கதவைத் திறந்து தலையை நீட்டி, "உயிரோடு இருக்கிறான், காற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம், அடுத்தது எக்ஸ்ரே" என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரியைச் சொல்ல ஆள் இல்லை என்பீர்கள். பணம் கட்டும் தாளைக் கொண்டுவர ஆள் இருந்தாரே? அதே ஆள், அதே நடை, தாளோடு அந்த ஒரு வரியையும் கொண்டுவந்திருக்கலாம். நாய் எப்படி இருக்கிறது என்று சொல்லும் முன்பே பணத்தைப் பற்றிச் சொன்னால், நீங்கள் பணத்துக்காகத்தான் செய்கிறீர்கள் என்று வெளியே போய்ச் சொல்கிறோம். அது அநியாயம், எங்களுக்கே தெரியும். ஆனால் எது முதலில் காதில் விழுந்ததோ அதுதான் மனதில் நிற்கிறது.

காத்திருக்கும் இடத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எனக்கு முன்னால் வந்தவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் நாய் நேராக உள்ளே போனதும் ஒருவர் முணுமுணுத்தார். யார் முதலில் வந்தார் என்று பார்க்காமல் யார் நிலைமை மோசம் என்று பார்த்து எடுப்பது போர்க்களத்தில் தொடங்கிய வழக்கம். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லார்ரே, பதவியையும் பட்டாளத்தையும் பார்க்காமல் காயத்தைப் பார்த்து வரிசைப்படுத்தினார் என்று படித்திருக்கிறேன். இருநூறு வருஷம் ஆகிறது, இன்னமும் ஒரு சுவரொட்டியில் இதை எழுதி ஒட்ட முடியவில்லையா? "உங்கள் நாயைக் காத்திருக்கச் சொன்னால் அது நல்ல செய்தி" என்று பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். பாதிச் சண்டை குறையும்.

அன்றைக்கு ராத்திரி அங்கே நான் விடிய விடிய உட்கார்ந்திருந்ததில் மற்றவர்கள் கதையும் தெரிந்தது. என் பக்கத்தில் ஒரு இளம் தம்பதி, டாக்ஸ்ஹண்ட் நாய். சோபாவில் இருந்து குதித்தவன் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தானாம். பரிசோதித்த டாக்டர் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திக் கிள்ளினார், அவன் காலை இழுத்துக்கொண்டான். "காலை இழுத்துக்கொண்டானே, அப்படியென்றால் உணர்ச்சி இருக்கிறது இல்லையா" என்று அந்தப் பெண் என்னிடம் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் நீடித்தது. கால் தானாக இழுத்துக்கொள்வது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், அதற்கு மூளை தேவையில்லை, நாய் திரும்பிப் பார்த்து முறைக்கிறதா, கத்துகிறதா என்பதுதான் கேள்வி என்று அப்புறம்தான் சொன்னார்கள். வலி உணர்ச்சி இருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒன்பது நாய் நடந்துவிடும், அது போய்விட்டால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்தக் கிள்ளல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற பரிசோதனை. கிள்ளும்போதே "இப்போது நான் இவன் முகத்தைத்தான் பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் ஒரு மணி நேரம் பொய்யான நம்பிக்கையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், கூடவே டாக்டர் கொடுமைக்காரர் என்றும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொருவர் வயதானவர். பன்னிரண்டு வயதுப் பெண் நாய், நடந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மண்ணீரலில் ஒரு கட்டி, அது உடைந்து வயிறு முழுக்க இரத்தம். டாக்டர் அவரிடம் வந்து, உடனே ஆபரேஷன், இவ்வளவு ஆகும், இருபது நிமிஷத்தில் முடிவு சொல்லுங்கள் என்றார். அந்தப் பெரியவர் தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, இதில் என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்தேன். கட்டணங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் முடிவெடுக்கத் தேவையான ஒன்றுகூட அதில் இல்லை.

அவருக்குத் தேவைப்பட்டது இதுதான்: இப்படி இரத்தம் கசிகிற கட்டிகளில் பெரும்பாலானவை இரத்தக்குழாய்ப் புற்று, ஆனால் எடுத்துப் பரிசோதிக்கும் வரை உறுதியாகச் சொல்ல முடியாது. சாதாரணக் கட்டியாக இருந்தால் எடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. புற்றாக இருந்தால் ஆபரேஷன் மட்டும் செய்தால் சராசரியாக ஒன்றிலிருந்து மூன்று மாதம், மருந்தும் சேர்த்தால் நான்கிலிருந்து ஆறு மாதம். இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் ஆபரேஷன் வேண்டும் என்கலாம், இன்னொருவர் இப்போதே வலியில்லாமல் அனுப்பிவிடுங்கள் என்கலாம், இரண்டுமே நாயை நேசிப்பவர் எடுக்கக்கூடிய முடிவுதான். ஆனால் ஆபரேஷனை மட்டும் சொல்லிவிட்டு, மற்றொரு வழியை அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று நின்றால், அதைச் சொல்லும் பாவம் முழுக்க அவர் தலையில் ஏறிவிடுகிறது. அவர் கடைசியில் அதைத்தான் கேட்டார், குனிந்துகொண்டு, ஏதோ திருடிவிட்டவர் மாதிரி.

உங்களிடம் நான் கேட்பதில் முக்கியமானது இது. எல்லா வழிகளையும் நீங்களே சொல்லுங்கள். முழு சிகிச்சை, அதைவிடச் செலவு குறைந்த சிகிச்சை, வலியை மட்டும் கட்டுப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவது, ஊசி போட்டு விடைகொடுப்பது, இவை எல்லாவற்றையும் ஒரே குரலில், ஒரே முகத்தோடு, எங்கள் சட்டையையும் வண்டியையும் பார்க்காமல் சொல்லுங்கள். எங்கள் பாக்கெட்டை நீங்கள் ஊகிக்க வேண்டாம், எங்கள் பாசத்தையும் ஊகிக்க வேண்டாம். கிழிந்த செருப்போடு வந்தவர் கடன் வாங்கியாவது எல்லாம் செய்யுங்கள் என்பார், பெரிய காரில் வந்தவர் போதும் என்பார், இரண்டையும் நான் அதே ராத்திரியில் பார்த்தேன். "உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்" என்று நாங்கள் கேட்டால் நழுவாதீர்கள். பதில் சொல்ல முடியாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியில் நாங்கள் கேட்பது மருத்துவ ஆலோசனையே இல்லை, இந்த அறையில் வேறு யாராவது மனிதர் இருக்கிறாரா என்று கேட்கிறோம்.

அப்புறம் ஒன்று. அந்தப் பெரியவர் நாயிடம் விடைபெற்று வெளியே வந்தபோது, கையில் கழுத்துப்பட்டையோடு, பில்லுக்காக ரிசப்ஷனில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் ஒருவர் நாய் ஷாம்பு பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். தயவுசெய்து பணத்தை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் மட்டும் வேண்டாம். வேறு வழியாக வெளியே போக ஒரு கதவு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

பூதத்துக்குத் திரும்புகிறேன். ஐம்பது நிமிஷத்துக்குப் பிறகு ஒரு இளம் டாக்டர் வெளியே வந்தார். அவர் செய்ததை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். எக்ஸ்ரே படத்தை போனில் காட்டினார். வயிறு ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருப்புப் பைகள், நடுவில் ஒரு மடிப்பு. "இதைப் பார்த்தாலே போதும், சுற்றிக்கொண்டுவிட்டது" என்றார். அடுத்து ஒரு எண் சொன்னார். இரத்தத்தில் லாக்டேட் என்று ஒன்று, திசுக்களுக்கு ஆக்சிஜன் போகாதபோது ஏறும், வந்தபோது 6.8 இருந்தது, ட்ரிப்ஸ் ஏற்றிய பிறகு 3.1 ஆகியிருக்கிறது, வேகமாக இறங்குவது நல்ல அறிகுறி, ஆனால் திறந்து பார்த்து இரைப்பையின் சுவர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று தெரியும் வரை சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். மூன்று நிமிஷப் பேச்சு. பயம் போகவில்லை, ஆனால் பயத்துக்கு ஒரு அளவு கிடைத்தது. விடியும் வரை நான் அந்த இரண்டு எண்ணையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், 6.8, 3.1, மந்திரம் மாதிரி.

அதே டாக்டர்தான், இதயம் நின்றுவிட்டால் மார்பை அழுத்தி மீட்க முயல வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்டார். நான் ஏற்கெனவே அந்தத் தாளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தேன், எதற்கு என்று தெரியாமலே. அவர் அதைத் திரும்ப எடுத்து விளக்கினார். மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்று முதலுதவி செய்யப்படும் நாய்களில் வீடு திரும்புவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் மயக்க மருந்தில் இருக்கும்போது நின்றால் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு, ஆகவே ஆபரேஷன் மேஜையில் இருக்கும் வரை செய்யலாம், அதற்குப் பிறகு வேண்டாம் என்றும் நீங்கள் சொல்லலாம் என்றார். அப்படி இரண்டாகப் பிரித்துச் சொல்லலாம் என்பதே எனக்குப் புதிது. ரிக்கவர் என்ற பெயரில் நாய், பூனைகளுக்கான இதய மீட்பு வழிகாட்டுதல்கள் 2012லேயே வந்து 2024ல் திருத்தியும் வந்துவிட்டன, அழுத்த வேண்டிய வேகம்கூட நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்று எழுதியிருக்கிறது. உங்கள் பக்கம் இவ்வளவு தெளிவாக இருக்கும் விஷயத்தை எங்களிடம் ஏன் ஒரு கட்டமாக, கையெழுத்தாக மட்டும் நீட்டுகிறீர்கள்?

ஆபரேஷன் இரண்டு மணி நேரம் நடந்தது. இரைப்பையைத் திருப்பி, வலது பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள், இனிமேல் சுற்றாமல் இருக்க. அப்படித் தைக்காமல் விட்டால் பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்குத் திரும்ப வரும், தைத்துவிட்டால் திரும்பச் சுற்றுவது அரிது. இங்கேதான் எனக்கு இன்னொரு கோபம், இது அவசரப் பிரிவு மேல் இல்லை. இந்தத் தையலை முன்கூட்டியே, கருத்தடை ஆபரேஷனோடு சேர்த்தே போட்டுவிடலாமாம். கிரேட் டேன் இந்த நோய்க்கு முதல் வரிசையில் நிற்கும் இனமாம். ஏழு வருஷம், எத்தனை தடுப்பூசி, எத்தனை பரிசோதனை, எத்தனை முறை எடை பார்த்தார்கள், ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. வழக்கமான டாக்டர்களும் இந்த மடலைப் படிக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்கு.

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் அவன் இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடியது. இந்த நோயில் அது அடிக்கடி வருவதுதான், அதற்காகத்தான் ஐசியூவில் வைத்து ஈசிஜி பார்க்கிறார்கள். இதை முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. ஆனால் நான்காம் நாள் டிஸ்சார்ஜ் எப்படி நடந்தது? ஐந்து மாத்திரை டப்பா, நான்கு பக்கத் தாள், பத்து நிமிஷம், அடுத்தவர் வாருங்கள். வலி மாத்திரை எப்போது அதிகமாகத் தேவைப்படும், நாய் வலியில் இருந்தால் எப்படித் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. நாய் கத்தினால்தான் வலி என்று நாங்கள் நினைக்கிறோம். உங்களிடம் கிளாஸ்கோ வலி அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, நாய் எப்படி நிற்கிறது, காயத்தை நக்குகிறதா, தொட்டால் என்ன செய்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டு, 24க்கு 6 வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது. எங்களை மதிப்பெண் போடச் சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி சொல்லிவிடுங்கள்.

சிறப்பு மருத்துவர்களில் இதை அழகாகச் செய்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அக்கா வீட்டு நாய், சின்ன இனம், பத்து வயது, இதய வால்வு தளர்ந்து இரத்தம் பின்னால் கசிகிறது. இதய நிபுணரைப் பார்க்க இரண்டு மாதம் காத்திருந்தார்கள், முதல் டாக்டர் எடுத்த பரிசோதனை முடிவுகள் வந்து சேராததால் அதே இரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுத்தார்கள் (இந்தக் கூத்தை எப்போது நிறுத்துவீர்கள்?). ஆனால் உள்ளே போனதும் அந்த நிபுணர் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தார். காகிதத்தில் இதயம் வரைந்தார். இதயம் பெரிதாகியிருக்கிறது, இன்னும் செயலிழக்கவில்லை, இந்தக் கட்டத்தில் பிமோபெண்டான் என்ற இதய மருந்தைக் கொடுத்தால் செயலிழப்பு சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது என்றார். பிறகு அக்காவின் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார். நாய் நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று கணக்கு வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள், நிமிஷத்துக்கு 30க்குக் கீழே இருந்தால் நிம்மதியாகப் படுங்கள், தொடர்ந்து அதைத் தாண்டினால் எனக்குப் போன் செய்யுங்கள். அக்கா ஒரு நோட்டில் ஒவ்வொரு ராத்திரியும் எழுதினாள். 18, 20, 19, 22. ஒருநாள் 44. திரும்ப எண்ணினாள், 42. உடனே கொண்டுபோனார்கள், நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கிய நேரம், ஊசி போட்டு ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த நிபுணர் நாற்பது நிமிஷம் செலவு செய்து ஒரு ராத்திரி காவல்காரியைச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்டார் என்று நான் அக்காவைக் கிண்டல் செய்வேன்.

இப்படி எங்களை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், பூதம் ஐசியூவில் இருந்தபோதுதான் நாய்களுக்கும் இரத்ததானம் உண்டு என்று தெரிந்தது. 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆரோக்கியமான நாயிடம் ஒருமுறைக்கு 450 மில்லி போல எடுக்கலாமாம். மனிதர்களைப் போல இயற்கையாகவே வேறு குரூப் இரத்தத்தைக் கடுமையாக எதிர்க்கும் தன்மை நாய்களுக்குப் பெரும்பாலும் இல்லாததால், அவசரத்தில் முதல் தடவை ஏற்றுவது பொதுவாகத் தாங்கிவிடுமாம். அந்தப் பெரியவரின் நாய் மாதிரி எத்தனை நாய்களுக்கு இரத்தம் தேடி அலைந்திருப்பீர்கள். எங்கள் வீடுகளில் 30 கிலோ, 40 கிலோவில் சோபாவை அடைத்துக்கொண்டு எத்தனை பேர் தூங்குகிறார்கள். ஒருமுறையாவது எங்களைக் கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் பக்கத்துத் தவறுகளை மறைத்தால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. தாமதமாக வருகிறோம், நானே ஒன்றரை மணி நேரம். மருந்துப் பெட்டியில் இருந்து மனிதர்களின் வலி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிட்டு வருகிறோம், பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும் என்று தெரியாமல், கேட்டால் கொடுத்ததையும் சொல்வதில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கப் பார்த்து, உப்பே விஷமாகிப் போகும் நிலைக்குக் கொண்டுவருகிறோம். திராட்சை தின்றதா, சர்க்கரை இல்லாத சூயிங்கம் தின்றதா என்று நீங்கள் கேட்டால், நாங்கள் கவனிக்காமல் விட்டது வெளியே தெரியுமே என்று இல்லவே இல்லை என்கிறோம். கஞ்சாவைத் தின்றுவிட்டுத் தள்ளாடும் நாயை வைத்துக்கொண்டு ஒன்றுமே தின்னவில்லை என்று சத்தியம் செய்த ஒருவரை அன்றைக்குப் பார்த்தேன், அந்த நர்ஸ் பொறுமையாக, "நாங்கள் போலீஸ் இல்லை சார்" என்றார். பணத்தைப் பற்றி உங்களை நாங்கள் பேசும் பேச்சும் இருக்கிறது. மனிதர்களுக்கு அதே ஸ்கேன், அதே மயக்க மருந்து, அதே ஆபரேஷன் என்ன செலவாகும் என்று யோசிப்பதே இல்லை. நாயின் மேல் அன்பிருந்தால் இலவசமாகச் செய்யுங்கள் என்று உங்கள் முகத்துக்கு நேரே கத்துகிறோம், கத்திவிட்டுப் போய் நட்சத்திரத்தைக் குறைத்துப் போடுகிறோம். அதே ராத்திரியில் அடுத்த நாயை நீங்கள் சிரித்த முகத்தோடு வாங்க வேண்டும். அந்த வேலையை என்னால் ஒரு வாரம்கூடச் செய்ய முடியாது.

ஆனாலும் அந்த அறையில் எது நடக்கிறது என்று தெரிந்தவர் நீங்கள், தெரியாதவர் நாங்கள். தெரிந்தவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

பூதத்துக்கு இப்போது ஒன்பது வயது. வயிற்றில் ஒரு நீளமான தழும்பு, முடி சரியாக முளைக்கவில்லை. போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நின்று ஓங்கரித்தான். எனக்குக் கைகால் ஓடவில்லை. அந்த மூன்றாவது எண்ணை இன்னமும் போனில் முதலாவதாக வைத்திருக்கிறேன். வேறு யாரோ எடுத்தார், ஆனால் கேள்வி அதே கேள்விதான்.

"ஏதாவது வெளியே வந்ததா சார்?"

திரும்பிப் பார்த்தேன். தரையில் ஒரு கைப்பிடி புல், கொஞ்சம் மஞ்சள் நீர், பக்கத்தில் என் காலுறை ஒன்று.

"காலுறை வந்திருக்கிறது."

"ஒன்றா, ஜோடியா?"

தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன் என்றேன். மற்றொன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது.